கேரண்டி சார்

தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். மேடவாக்கம், பெருங்களத்தூர் போன்ற சென்னைப் புறநகர் என்றால் தெருவுக்கு இரண்டு பேர்கூடத் தேறுவார்கள். ஐம்பத்தைந்து தாண்டிய வயது, கட்டம் போட்ட லுங்கி, கையில் சுருட்டிய தினசரி. டெலிவரி பையன் ஒருவன் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுச் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் போதும், கூப்பிடாமலே பக்கத்தில் வந்து நிற்பார்.

"ரெண்டாவது குறுக்குத் தெருவா? நேராப் போய் லெஃப்ட்ல திரும்பு தம்பி. கேரண்டி."

பையன் நேராகப் போய் லெஃப்டில் திரும்புவான். அங்கே ஏரி இருக்கும்.

இவரைக் கேரண்டி சார் என்றே வைத்துக்கொள்வோம். முழங்கால் வலி, வாஸ்து, ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதம், மாடித் தோட்டத்தில் கத்தரிக்காய் ஏன் காய்க்கவில்லை என்பது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பது என எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. கேள்விதான் சமயத்தில் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். 'இருக்கலாம்', 'விசாரிச்சுச் சொல்றேன்' என்ற இரண்டையும் அவர் வாயில் கேட்டவர் அந்தத் தெருவில் கிடையாது.

அவருக்குத் தலைக்கனம் என்று சிலர் சொல்வதுண்டு. அது அநியாயம். தலைக்கனம் பிடித்தவர் வழி கேட்பவனை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். இவரோ தாமே இறங்கி வந்து, வெயிலில் நின்று, கையை நீட்டி நீட்டி ஏரிக்கு வழி காட்டுகிறார். துணிச்சல் என்றும் சொல்ல முடியாது. துணிந்தவருக்கு ஆபத்து இருப்பது தெரிந்திருக்கும். சாருக்கு அந்தத் தகவலே போய்ச் சேர்ந்திருக்காது. சரி, பிடிவாதக்காரரா? பிடிவாதக்காரர் ஒரே பேச்சில் நிற்பார். சார் காலையில் ஒன்றுக்குக் கேரண்டி கொடுத்துவிட்டு, மாலையில் அதற்கு நேர் எதிரானதற்கும் அதே குரலில், அதே கையசைப்போடு கேரண்டி கொடுப்பார். நடுவில் மனம் மாறிய சுவடு முகத்தில் துளியும் இருக்காது.

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கதையைச் சொல்லிச் சொல்லி அவர் சிரிப்பார். கதை உண்மைதான். 1995இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஒருவர் முகமூடிகூட இல்லாமல் பட்டப்பகலில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடித்தார். எலுமிச்சைச் சாற்றில் எழுதினால் எழுத்து கண்ணுக்குத் தெரியாதல்லவா? அதே சாற்றை முகத்தில் பூசிக்கொண்டால் கேமராவுக்கு முகம் தெரியாது என்பது அவர் கணக்கு. பதிவு தொலைக்காட்சியில் ஓடிய ஒரு மணி நேரத்துக்குள் பிடிபட்டார். நம் ஊரில் பித்தம் தெளியத் தலையில் தேய்க்கிற பழத்தை மனிதர் இடம் மாற்றித் தேய்த்துவிட்டார்.

சாருக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி அத்தோடு முடிந்துவிட்டது. மீதிக் கதை அவருக்கு வரவில்லை. அந்தக் கொள்ளையரைப் பற்றிய செய்தியோடுதான் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் என்ற இரு உளவியலாளர்கள் 1999இல் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தொடங்கினார்கள். மாணவர்களுக்கு இலக்கணம், தர்க்கம், நகைச்சுவை உணர்வு ஆகியவற்றில் சோதனை வைத்து, நீங்கள் எத்தனை பேரை முந்தியிருப்பீர்கள் என்றும் கேட்டார்கள். கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள் சராசரியாக நூற்றுக்கு 12 பேரை முந்தியிருந்தார்கள். 62 பேரை முந்திவிட்டதாக நம்பினார்கள். முதல் கால்பங்கில் இருந்தவர்களோ தங்கள் இடத்தைக் குறைத்தே சொன்னார்கள். தமக்கு எளிதாக வந்தது எல்லாருக்கும் எளிதாகத்தானே வந்திருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. சார் எந்தக் கால்பங்கு என்று அவரிடமே கேட்டால் சொல்லிவிடுவார், கேரண்டியோடு.

அவருக்கு நிரந்தரப் பகை ஒன்று உண்டென்றால் அது நுங்கம்பாக்கம் வானிலை மையம்தான். "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று அறிவிப்பு வந்தால் போதும், டீக்கடை பெஞ்சில் அன்றைக்குக் கச்சேரி. "இதைச் சொல்ல ஒரு ஆபீஸா? பெய்யும், இல்லேன்னா பெய்யாதுன்னு சொல்லணும்!" ஆனால் அந்த 'ஓரிரு இடங்கள்' வாய்க்கு வந்ததல்ல. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகும் என்று அதற்கு வரையறை இருக்கிறது. 'கனமழை' என்பதும் அப்படித்தான்: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை. 204.4ஐத் தாண்டினால்தான் 'அதி கனமழை'. மழுப்பல்போல் காதில் விழும் அந்த அறிவிப்பை மறுநாள் காலை மழைமானியோடு ஒப்பிட்டு, சரியா தப்பா என்று யாரும் கேட்டுவிடலாம். சாரின் "இன்னைக்கு மழை கொட்டும் பாருங்க" என்பதை எதோடு ஒப்பிடுவது? நாலு தூறல் விழுந்தால் "சொன்னேனா?", விழாவிட்டால் "தாம்பரத்துல பிச்சு உதறிருக்கும்."

பந்தயம் கட்டுகிறீர்களா என்று டீக்கடைக்காரர் ஒருமுறை பத்து ரூபாயை எடுத்து வைத்தார். சார் உடனே தருமரின் சூதாட்டத்தை நினைவுபடுத்தி எழுந்து போய்விட்டார்.

1983 உலகக் கோப்பையை இந்தியா வெல்லும் என்று சார் அப்போதே சொன்னாராம். இந்த வயதுக்காரர்கள் எல்லாருமே சொல்லியிருக்கிறார்கள். அணியில் இருந்த ஸ்ரீகாந்துக்கு அது தெரியாமல் போனதுதான் விசேஷம். புதிதாகக் கல்யாணமான அவர், போட்டியை லண்டனில் ஓர் இடைநிறுத்தமாக வைத்துக்கொண்டு தேனிலவுக்கு அமெரிக்கா போகத் திட்டமிட்டிருந்ததை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். இறுதிப் போட்டியில் அவர் எடுத்த 38தான் இரு தரப்பிலும் மிக அதிகம். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 18 அன்று, ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போன நிலையிலிருந்து கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 அடித்தார். அதுவரை நடந்த இரண்டு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து இந்தியா ஜெயித்திருந்தது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் கிழக்கு ஆப்பிரிக்காவோடு. ஆகவே இந்தியா தேறாது என்று 'விஸ்டன் கிரிக்கெட் மன்த்லி' ஆசிரியர் டேவிட் ஃப்ரித் எழுதியதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. கோப்பை இந்தியாவுக்கு வந்ததும், எழுதியதை அப்படியே தின்னும்படி ஒரு வாசகர் கடிதம் போட்டார். ஃப்ரித் அந்தக் காகிதத்தை நிஜமாகவே வாயில் போட்டு மென்றார். மெல்லும் படத்தைத் தம் பத்திரிகையிலேயே வெளியிட்டார். கேரண்டி சார் தாம் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்து அதேபோல் தின்னப் புறப்பட்டால், ஒரு ரீம் காகிதம் ஒரு வாரத்துக்குக் காணாது.

அவர் வீட்டம்மா வேறு ரகம். கல்யாண ஆர்டருக்கு முறுக்கும் அதிரசமும் செய்து கொடுக்கிறார். நானூறு அதிரசத்துக்கு மாவு பிசைந்து பாகு பதம் பார்க்கும்போது யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். "நல்லா வருமா மாமி?" என்று கேட்டால், "முதல் ஈடு போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்" என்பார். நாற்பது வருஷமாக அதே பதில்தான். எண்ணெயில் பிரிந்துபோன அதிரசம் அந்த வீட்டிலிருந்து வெளியே போனதில்லை. மழை வருமா என்று கேட்டால், "தெரியலையேம்மா" என்று சொல்லிக்கொண்டே கொடியில் காயும் துணியை எடுத்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் குடியிருப்போர் நலச்சங்கத்துக்குத் தேர்தல் நடந்தது. எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற பொறியாளர். தெருவுக்கு மெட்ரோ வாட்டர் குழாய் எப்போது வரும் என்ற கேள்விக்கு, சாலை வெட்ட அனுமதி, டெண்டர், நீரேற்று நிலையம் என்று எழுந்து நின்று விளக்கி, இரண்டு வருஷம் ஆகலாம், மூன்றும் ஆகலாம் என்று சொல்லி உட்கார்ந்தார். கைதட்ட ஆளில்லை. கேரண்டி சார் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "பொங்கலுக்குள்ள தண்ணி. கேரண்டி." ஏகப்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஏரிவரை போய்த் திரும்பி வந்தவர்களும் அவருக்குத்தான் போட்டிருக்கிறார்கள். எந்த வருஷத்துப் பொங்கல் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. வீட்டம்மாவும் கேட்கவில்லை, மாலை போட்டு அழைத்து வந்த கும்பல் கலைந்ததும், அடுத்த வாரத்துக்கு ஒரு லாரித் தண்ணீர் சொல்லிவைத்துவிட்டு அதிரசத்துக்கு அரிசி ஊறப்போடப் போனார்.