திருநள்ளாற்றுக்கு மேலே

1970-களில் நாச்சியார்கோயிலில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்கால வேளையில் வருகிறவர்கள் பெரும்பாலும் கறுப்புச் சட்டைக்காரர்கள். அப்பாவின் கூட்டாளிகள். படிப்பகத்தில் ‘விடுதலை’யை வரி விடாமல் வாசித்துவிட்டு வந்து உட்காருவார்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும்: சாமி கும்பிடுகிறவனுக்கு மூளை கிடையாது, மூளை உள்ளவன் கும்பிட மாட்டான். அதைக் காதில் வாங்கிக்கொண்டே அவர்களுக்கு டீ கொண்டுவந்து வைப்பவள் என் அப்பாயி. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தெருவுக்கே ஏலச்சீட்டு நடத்தினாள். இருபது பேர், ஆளுக்கு ஐம்பது ரூபாய், ஆயிரம் ரூபாய்ச் சீட்டு. ஏலம் நூற்று எழுபத்தைந்து தள்ளில் நின்றால், யாரும் பென்சிலைத் தேடுவதற்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள்: “தலைக்கு எட்டே முக்கா கழியுது, நாப்பத்தொண்ணே கால் எடுத்து வையுங்க.” எந்த மாதம் யார் சீட்டு எடுத்தார், யார் எத்தனை தவணை பாக்கி என்பதெல்லாம் நோட்டில் அல்ல, அவள் தலையில் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து மூளையைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேர் அவளிடம் சீட்டுக் கட்டியவர்கள். ஒருநாள் அப்பாவே பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “எங்க ஆத்தாளுக்கு மூளை இல்லேன்னா உங்க சீட்டுப் பணமெல்லாம் இந்நேரம் எங்கேய்யா போயிருக்கும்?”

அப்பா குத்துவிளக்குப் பட்டறையில் வார்ப்பு வேலை செய்தார். காவிரி வண்டலில் அச்சுக் கட்டி, உருக்கிய பித்தளையை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைத்து எடுத்து, அரம் போட்டுக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டும். அடி, தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்துத் திருகிப் பூட்டுவது. அவர் கைபட்ட விளக்குகள் எத்தனையோ கோயில்களில் எரிந்தன. வீட்டில் அவர் ஒரு திரியைக்கூட ஏற்றியதில்லை. அப்பாயி விளக்கேற்றுவதை ஒருநாளும் தடுத்ததும் இல்லை. இருவரும் ஒரே கூரையின் கீழ் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். அந்த வீட்டில் வளர்ந்த என்னிடம் யாராவது பக்தியையும் அறிவையும் ஒன்றை வைத்து ஒன்றை அளக்கலாம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

அந்தத் திண்ணைப் பேச்சுக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் கருவறைக்குள் போகலாம், யார் படிக்கலாம் என்பதையெல்லாம் கடவுள் பெயரால் முடிவு செய்த ஊர்கள் எங்களுடையவை. பெரியார் 1924-ல் வைக்கத்தில் போய் நின்றது கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதர்கள் நடக்கும் உரிமைக்காக. அவரே பள்ளிக்கூடத்தில் சில ஆண்டுகள் மட்டும் படித்தவர். பட்டம்தான் பகுத்தறிவு என்று அவர் நினைத்திருக்க முடியாது. அவருடைய சிலைப் பீடங்களில் பக்தர்களைப் பற்றி வெட்டியிருக்கும் கடுஞ்சொல்லை, மனிதனைக் குனியவைத்த ஏற்பாட்டின் மேல் வந்த கோபமாகத்தான் நான் வாசிக்கிறேன். ஆனால் தெருவில் அது அப்படி வாசிக்கப்படவில்லை. எழுத்தறியாத கிழவிகளின் மேல் எறியப்பட்டது. எழுத்தறிந்த பெரிய மனிதர்களின் வீட்டு யாகத்துக்கு முன்னால் போய் அதே சத்தத்தில் சொன்னவர்கள் குறைவு.

எதிர்க்கட்சிக்குக் கணித மேதை ராமானுஜன் இருந்தார். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்தவர், சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர். பக்கத்து ஊர்க்காரர்களான எங்களுக்கு அவரைச் சொல்லாமல் கணக்குப் பாடம் தொடங்காது. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், ஆகவே பக்தி இருந்தால் கணக்கு வரும் என்று மேடையில் பேசுவார்கள். பின்னாளில் நானும் கணக்கு டீச்சராகி அந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோது, மேடையில் சொல்லாமல் விட்ட பகுதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதம் கணித அறிஞர் ஹார்டியின் கைக்குப் போனது. ஹார்டி முழு நாத்திகர். கல்லூரித் தேர்தலுக்காகக்கூட தேவாலயத்துக்குள் கால் வைக்க மறுத்தவர். 1914-ல் கப்பலேறிப் போனவரோ மரக்கறி தவிர வேறெதையும் தொடாத வைஷ்ணவர். நாமகிரி உத்தரவு கொடுத்தாள் என்று அம்மா சொன்ன பிறகே கடல் கடந்தவர். இந்த இருவரும் ஐந்து வருஷம் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ராமானுஜனின் முதல் கடிதத்தில் பகா எண்களைப் பற்றி எழுதியிருந்தவற்றில் சில தவறானவை. கனவில் வந்ததோ விழிப்பில் வந்ததோ, தவறு தவறுதான். ஹார்டி எல்லாவற்றுக்கும் நிரூபணம் கேட்டார். தாயார் சொன்னாள் என்பதை ராமானுஜன் நிரூபணமாக நீட்டவில்லை. தாயார் பெயரைச் சொல்கிறவர் என்பதற்காக ஹார்டி ஒரு சூத்திரத்தையும் தள்ளவில்லை. எங்கள் மேடைப் பேச்சாளர்கள் இருதரப்பிலும் இந்த மரியாதையை ஒருநாளும் கற்றுக்கொள்ளவில்லை.

பக்தியையும் அறிவையும் அளந்து பார்த்தவர்களும் உண்டு. 1914-ல் ஜேம்ஸ் லூபா என்ற அமெரிக்க உளவியலாளர் ஆயிரம் விஞ்ஞானிகளிடம், பிரார்த்தனைக்குச் செவிசாய்க்கும் கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்டார். ஏறக்குறைய 40 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். கல்வி பரவினால் இது குறையும் என்று அவர் எதிர்பார்த்தார். 1996-ல் அதே கேள்வியை வேறு இருவர் திரும்பக் கேட்டபோதும் ஏறக்குறைய 40 சதவீதம்தான். ஆனால் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களிடம் கேட்டபோது, அப்படி நம்புகிறவர்கள் 7 சதவீதமே இருந்தார்கள். எந்த எண்ணை எடுத்து வைத்துக்கொள்வது என்பது பேசுகிறவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்தது.

2013-ல் 63 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிய கட்டுரை ஒன்று வந்தது. அவற்றில் 53 ஆய்வுகளில் நுண்ணறிவு கூடக்கூட மதப்பற்று சற்றுக் குறைந்தது. மொத்தத்தில் ஒட்டுறவுக் கெழு மைனஸ் 0.24. இந்தச் செய்தியை எனக்கு அனுப்பாத நாத்திக நண்பர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கெழுவை நடத்தியவளாக நான் அவர்களுக்குச் சொன்னது இதுதான்: 0.24-ஐ வர்க்கப்படுத்தினால் ஆறு சதவீதத்துக்கும் குறைவு. ஒருவரிடமிருந்து இன்னொருவர் மதப்பற்றில் வேறுபடுவதற்கு நூறு பங்கு காரணம் இருந்தால், அந்த அளவீடு தொட்டுப் பேசுவது ஆறு பங்கைக்கூட அல்ல. மீதி எல்லாம் எந்த வீட்டில் பிறந்தோம், யார் செத்தபோது யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எந்த ஊரில் கும்பிடாமல் இருப்பது எளிது என்பது போன்ற விஷயங்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. பின்னால் 13 சமூகங்களில் இதையொட்டிய ஒரு கேள்வியைச் சோதித்தார்கள், அதாவது ஆராய்ந்து யோசிக்கும் பழக்கத்துக்கும் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பை. அது பலவீனமாகவும் ஊருக்கு ஊர் மாறுவதாகவும் இருந்ததென்று 2018-ல் எழுதினார்கள். அப்பாயியை இந்த அளவுகோல்களில் எதிலும் யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், எழுத்தறியாதவள் என்று முதல் தாளிலேயே கழித்திருப்பார்கள்.

நான் கண்ணால் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன். 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று தில்லியில் கிளம்பிய செய்தி மதியத்துக்குள் எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பார்த்தால் பிள்ளையார் கோயில் வாசலில் நீள வரிசை. அதில் சொம்பும் ஸ்பூனுமாக எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர். பதினோராம் வகுப்புக்குப் பரப்பு இழுவிசையை அவர் நடத்தியதை வராந்தாவில் போகும்போது நானே கேட்டிருக்கிறேன், அத்தனை தெளிவாக நடத்துவார். நிறைந்த ஸ்பூனைத் தும்பிக்கை நுனியில் தொட்டுச் சாய்த்தால், கல்லில் பட்ட பால் இழுபட்டு, மெல்லிய படலமாக ஈரக் கல்லின் மேல் வழிந்து இறங்கிவிடும். அபிஷேகம் பண்ணின கல்லில் அது கண்ணுக்குத் தெரியாது. தில்லியில் மத்திய அறிவியல் துறை விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து அது வழியும் பாதையைக் காட்டினார்கள். வரிசையில் நின்ற ஆசிரியர் ஸ்பூனைக் குனிந்து பார்த்தார். பீடத்தைச் சுற்றித் தேங்கிக் கிடந்த பாலை அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பாயிக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அன்று காலையிலும் அதே பிள்ளையாருக்கு அறுகம்புல் வைத்துவிட்டு வந்தவள். “நேத்துக் குடிக்காத புள்ளையாரு இன்னிக்கு மட்டும் ஏன் குடிக்கிறாரு? அந்தப் பாலைக் காச்சித் தெருவுல உள்ள புள்ளைங்களுக்குக் குடுக்கச் சொல்லு” என்றாள். மறுநாள் வழக்கம்போல அறுகம்புல் பறிக்கப் போனாள். நாத்திகரான அப்பா சிரித்தார், ஆனால் அவள் சொன்னதை அன்று இரவு திண்ணையில் எல்லாரிடமும் சொன்னார்.

கும்பிடுவது, படிப்பு, கேள்வி கேட்பது மூன்றும் தனித்தனி என்று எனக்கு உறுதிப்பட்டது அந்த நாளில்தான். படித்தவரிடம் படிப்பு இருந்தது, அன்றைக்குத் தேவைப்பட்ட கேள்வி இல்லை. அவளிடம் கேள்வி இருந்தது, நம்பிக்கையும் அப்படியே இருந்தது.

இப்போது திண்ணை இல்லை, குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அங்கே எல்லாரும் படித்தவர்கள். சாமி கும்பிடுகிறவனுக்கு மூளை இல்லை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சாமி கும்பிடுவதே விஞ்ஞானம் என்று சொல்கிறார்கள். சிதம்பரம் நடராஜர் பூமியின் காந்த மையத்தில் நிற்கிறார் என்று ஒருநாள் வரும். திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது நாசாவின் செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுவிடுகிறது என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது வரும். அதை அனுப்பிவந்தவன் என் அண்ணன் மகன். சென்னையில் தரவு அறிவியல் வேலை. எங்கள் குடும்பத்தில் அவனைவிடக் கணக்கு தெரிந்தவர் யாரும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்பாயியும் திருநள்ளாறு போனவள்தான். நல்லெண்ணெய் தேய்த்து நள தீர்த்தத்தில் முழுகி, எள்தீபம் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து மறுநாள் சீட்டுப் பணம் வசூலிக்கப் போவாள். தன் நம்பிக்கைக்கு அமெரிக்காவிலிருந்து சான்றிதழ் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இன்று அந்தச் சான்றிதழ் இல்லாமல் கும்பிடக் கூசுகிறவர்களாக நம் பிள்ளைகளை ஆக்கியிருக்கிறோம். மூளை இல்லாதவன் என்று இரண்டு தலைமுறை சொல்லிக் காட்டியதற்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அந்த வசை தங்கள் மேல் விழுந்துவிடக் கூடாது என்று, உள்ள மூளையை எல்லாம் நம்பிக்கைக்கு வக்கீலாக அமர்த்திவிட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் டேன் கஹன் 2013-ல் இதைப் போன்ற ஒன்றைக் காட்டினார். ஒரே எண்களைத் தோல் களிம்பு பற்றியவை என்று கொடுத்தபோது கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியாகப் படித்தார்கள். துப்பாக்கிச் சட்டம் பற்றியவை என்று கொடுத்தபோது, தங்கள் கட்சிக்குச் சாதகமாக வந்தால்தான் அந்தக் கெட்டிக்காரத்தனம் நன்றாக வேலை செய்தது. இது மதத்துக்கு மட்டும் உள்ள வியாதி என்று சொல்ல முடியாது.

ஒருமுறை அந்தத் திருநள்ளாற்றுச் செய்தி வந்தபோது குழுவில் வாதாடாமல் அண்ணன் மகனுக்கே போன் பண்ணினேன்.

“அத்தை, நாசாவே ஒத்துக்கிட்டாங்கன்னு போட்டிருக்கான்.”

“யாரு ஒத்துக்கிட்டான்னு அப்புறம் பாக்கலாம்டா. தாழ்வான சுற்றுப்பாதையில செயற்கைக்கோள் என்ன வேகத்துல போவுது?”

“விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் இருக்கும்.”

“அது நிக்கணும்னா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவ்வளவு வேகத்தையும் கொல்ல எவ்வளவு எரிபொருள் வேண்டும், மூன்று விநாடி கழித்து அதே வேகத்தைத் திரும்பப் பிடிக்க இன்னும் எவ்வளவு என்று அவனே போட்டுப் பார்த்தான். பூமியிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பது போலத் தெரிகிற செயற்கைக்கோள்கள் உண்டே என்றான். உண்டு, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. திருநள்ளாறு ஏறக்குறைய 11 பாகை வடக்கே இருக்கிறது என்றேன். வரைபடத்தைத் திறந்து அதையும் சரிபார்த்துக்கொண்டான்.

“அப்ப நான் கோயிலுக்குப் போறது தப்புங்கிறீங்களா?”

“அதை நான் கேக்கவே இல்லையே. உங்க அப்பாவோட அப்பாயி எந்தச் செயற்கைக்கோளைப் பார்த்துட்டுப் போனாங்க?”

2023 டிசம்பரில் சனிப்பெயர்ச்சிக்கு மனைவி குழந்தைகளோடு திருநள்ளாறு போய்விட்டு, திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனான். தீர்த்தத்தில் கூட்டம் தாங்கவில்லை என்றும், சின்னவன் தொலைந்து போகப் பார்த்தான் என்றும் சொன்னான். அந்தச் செயற்கைக்கோள் செய்தியை மட்டும் அதற்குப் பிறகு அவன் குழுவில் போடவில்லை. அவனுடைய மாமனார் போட்டார். ஏழரை கிலோமீட்டர் கணக்கை அவருக்கு அவனே எழுதி அனுப்பினான்.