வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடவும்

சிக்னலும் காவலரும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் சொல்லின. அதை யாரோ படித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையை, மின்சாரம் போய் சிக்னல் அணைந்த ஒரு மாலையில் வடபழனி கலைத்துவிடும்.

அங்கே முன்னுரிமை எடைப்படி. தண்ணீர் லாரிக்கு முதல் மரியாதை, அடுத்து மாநகரப் பேருந்து, பிறகு கார். ஆட்டோ இந்த வரிசையில் சேராது. அதற்கு இடைவெளி போதும். இண்டிகேட்டருக்குப் பதில் ஓட்டுநரின் கால் வெளியே நீளும், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். புரியாவிட்டால், "வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

சிக்னல் எரியும் நாட்களிலும் பெரிய மாற்றமில்லை. சிவப்பில் இன்னும் ஐந்து நொடி மிச்சமிருக்கும்போதே ஹாரன் தொடங்கிவிடும். நிறுத்தக்கோடு என்று ஒன்று உண்டு, டூவீலர்களுக்கு அடியில் எங்கோ. அதற்கு முன்னாலேயே நிற்கும் அப்பாவியைப் பின்னாலிருப்பவர்கள் வண்டி ரிப்பேர் என்றே நினைக்கிறார்கள். (பாவம், சிலர் தள்ளிவிடக்கூட இறங்குவார்கள்.)

ஆம்புலன்ஸ் வந்தால் மட்டும் கூட்டம் எப்படியோ பிளந்து வழி தருகிறது. தராவிட்டால் 2019 சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் அபராதம் என்பதால் அல்ல, மனிதாபிமானத்தால்தான். அந்த வழியில் ஆம்புலன்ஸை ஒட்டியே நாலைந்து பைக்குகள் பறக்கும், நோயாளியின் சொந்தச் சித்தப்பா பிள்ளைகள் போல.