யூ இல்லாமல் கியூவைத் தள்ளிவிடுவது எப்படி?

ஸ்க்ராபிள் ஆட உட்காரும் முன் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவர வேண்டியது ஆங்கிலப் புலமை. எம்.ஏ. லிட்ரேச்சர் படித்தவர்கள்தான் இதில் அதிகம் மண்ணைக் கவ்வுகிறார்கள். கையில் ஏழு காய்களை வைத்துக்கொண்டு, கௌரவமான சொல்லாக ஒன்று அமையட்டும் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் எதிராளி ஓ, ஈ என்று இரண்டே காயைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். ஃபாரோ தீவுகள் பக்கம் அடிக்கும் சுழற்காற்றுக்கு அப்படி ஒரு பெயராம். அந்தத் தீவுகள் எந்தக் கடலில் இருக்கின்றன என்று அவருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

நம்பிக்கை வரவில்லையென்றால் நைஜல் ரிச்சர்ட்ஸைப் பாருங்கள். நியூசிலாந்துக்காரர். 2015-இல் பிரெஞ்சு ஸ்க்ராபிளில் உலக சாம்பியன். பிரெஞ்சு பேசத் தெரியாது; சில வாரங்கள் அகராதியை உருப்போட்டுவிட்டுப் போய்க் கோப்பையைத் தூக்கி வந்தார். 2024-இல் ஸ்பானிஷிலும் அதே கதை. ஆகவே, சொல்லுக்குப் பொருள் கேட்கும் கெட்ட பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

இப்போது கியூ. பையில் இருப்பது ஒன்றே ஒன்று, மதிப்பு 10. நல்ல காய்தானே என்று மகிழாதீர்கள். யூ வரட்டும் என்று காத்திருப்பீர்கள். மொத்தமுள்ள நான்கு யூவும் எதிராளி வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கும். கடைசிவரை கையில் தங்கினால் உங்கள் கணக்கில் 10 போய்விடும், ஆட்டத்தை முடித்தவர் கணக்கில் அதே 10 ஏறிவிடும். எனவே யூ இல்லாத கியூ சொற்களைத் தேட வேண்டும். எங்கே? ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்காது. வெள்ளைக்காரன் கப்பலில் ஏறிப் போன இடங்களில் தேடுங்கள். ஏமனில் மெல்லும் இலை: கியூ, ஏ, டி. ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாய்: கியூ, ஏ, என், ஏ, டி. நம் தெருவுக்கு வரும் பக்கிரியைக்கூட எஃப், ஏ, கியூ, ஐ, ஆர் என்று எழுதி உட்கார வைத்திருக்கிறார்கள். புர்கா, நிகாப், தலாக் எல்லாம் செல்லும்.

இவை எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் பாதகமில்லை, ஒன்றை மட்டும் பச்சை குத்திக்கொள்ளுங்கள்: கியூ, ஐ. சீனர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி. உச்சரிப்பு ‘ச்சீ’. பலகையில் ஏற்கெனவே கிடக்கும் ஒரு ஐக்கு மேலே, எழுத்துக்கு மூன்று மடங்கு தரும் கட்டம் காலியாக இருக்கிறதா பாருங்கள். அதில் கியூவை வைத்து, வலப்பக்கம் உங்கள் ஐயைச் சேருங்கள். மேலிருந்து கீழே ஒரு ச்சீ, இடமிருந்து வலம் இன்னொரு ச்சீ. 31-ம் 31-ம் 62. எதிராளி மூன்றாவது ச்சீயை வாயால் சொல்வார், அதற்குப் புள்ளி கிடையாது.

உயிரெழுத்தாகவே வந்து மானத்தை வாங்கினால் இரண்டு ஏ போடுங்கள், ஹவாய்த் தீவின் எரிமலைக் குழம்பு. ஏ, ஐ என்றால் ஒரு தேவாங்கு மாதிரி சோம்பேறிப் பிராணி. உயிரெழுத்தே வராவிட்டால் வேல்ஸ் நாட்டுக்காரர்கள் கைகொடுப்பார்கள்: சி, டபிள்யூ, எம் என்றால் பள்ளத்தாக்கு. மூச்சு விடாமல் எப்படிச் சொல்கிறார்களோ, அது அவர்கள் பாடு. வி கையில் வந்தால் மட்டும் குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளுங்கள். வி கலந்த இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை.

எஸ் காய்களைக் காசு மாதிரி முடிந்து வையுங்கள். இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போன கட்டடக்கலைஞர். நியூயார்க் டைம்ஸ் பக்கங்களில் எழுத்துகளை எண்ணி எண்ணித்தான் எதற்கு எத்தனை காய் என்று முடிவு செய்தார். எஸ் மட்டும் நான்கோடு நிறுத்திவிட்டார். பன்மை போட்டே பிழைத்துவிடுவார்கள் என்று நம்மைப் பற்றிச் சரியாகத்தான் கணித்திருக்கிறார்.

எழுத்துகளைத் தட்டினால் சொற்களைக் கொட்டும் செயலிகள் போனில் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் உங்கள் ஆட்டம் வரும்போது பாத்ரூம் போனால் வீட்டில் சர்க்கரை நோய்க்கு டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். எதை எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம் என்ற வெற்றுக்காயை ஒளித்துவைப்பதும் வேண்டாம். 2012-இல் ஆர்லாண்டோவில் நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஒரு பையன் அதைச் செய்து வெளியேற்றப்பட்டான்.

அதைவிடப் பொய்ச் சொல்லைப் போடுவது உத்தமம். அதற்கு விதியிலேயே இடமுண்டு. அமெரிக்கப் போட்டிகளில், சொல்லைச் சந்தேகப்பட்டு, அது அகராதியில் இருந்துவிட்டால் சந்தேகப்பட்டவர் தன் முறையை இழப்பார். அந்தப் பயம்தான் உங்கள் மூலதனம். காயை வைக்கும்போது முகம் கல்யாண ஆல்பத்தில் இருப்பதுபோல் இருக்கட்டும். ‘இது சரியா?’ என்று நீங்களே கேட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

எந்த அகராதி என்பதை மட்டும் ஆட்டம் தொடங்குமுன் பேசி முடியுங்கள். அமெரிக்கப் பட்டியல் வேறு, காலின்ஸ் வேறு. காலின்ஸ் என்று முடிவானால் தயங்காமல் டி, ஓ, எஸ், ஏ, ஐ போடலாம். அங்கே ஒன்றென்றால் தோசா, பலவென்றால் தோசை. ஒரு தோசையும் தோசைதானே என்று மாமா தட்டைத் தூக்கிக் காட்டி வாதாடுவார். காதில் வாங்காமல் ஆறு புள்ளியை எழுதிக்கொண்டு பைக்குள் கையை விடுங்கள்.