சம்பளம் கேட்காத துப்புரவாளர்

இந்தியாவின் பாறுக் கழுகுகள் காலங்காலமாகத் துப்புரவுப் பணி பார்த்தன. சம்பளமோ பஞ்சப்படியோ கேட்டதில்லை. ஆகவே எந்த நிதியறிக்கையிலும் அவற்றின் பெயர் ஏறவில்லை. 1990களில் டைக்ளோஃபினாக் என்ற மருந்து மலிவாகி, மாடுகளுக்கு வலி தீர்க்க வந்தது. கால்நடைத் துறைக்கு வெற்றி, மருந்துக் கம்பெனிக்கு விற்பனை. அந்த மாடு செத்த பின் அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஆனால் பாறு வனத்துறை விவகாரம். கோப்பு வேறு, கட்டடம் வேறு. வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கு மேல் ஒழிந்தன; மிஞ்சிய சடலங்களில் தெருநாய்கள் கொழுத்தன. கடிபட்டவர்களுக்கு வாங்கிய தடுப்பூசியும் பொருளாதார வளர்ச்சியாகவே கணக்கில் ஏறியது என்பதுதான் இதில் ரசிக்க வேண்டிய இடம்.

பாறுகள் போனதால் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் எழுதினார்கள். வெறும் மதிப்பீடுதானே என்பார்கள். ஆமாம், பாறுகளின் உழைப்புக்குப் பூஜ்யம் போட்டதும் மதிப்பீடுதான், அதை மட்டும் எவரும் சந்தேகிக்கவில்லை. அப்படியானால் மாடு வலியில் துடிக்கட்டுமா? வேண்டாம், பாறுகளைக் கொல்லாத மெலாக்ஸிகாம் என்ற மருந்து இருக்கிறது. டைக்ளோஃபினாக்கைக் கால்நடைக்குத் தரக் கூடாது என்று 2006இல் தடை வந்தது. உடனே அதே மருந்தின் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக் கொட்டகைக்கு நடந்தன. அவற்றையும் நிறுத்த 2015 ஆயிற்று. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும்.