வெளிச்சுவர் விவகாரம்

பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஓப்பநாயக்க. இங்கே வீடு கட்டியவனிடம் உள்ளே எத்தனை அறை என்று யாரும் கேட்பதில்லை. "வெளியில என்ன அடிக்கப் போறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. தோட்டம் சுண்ணாம்பு அடித்தால் சுவர் வெள்ளை, அடிக்காவிட்டால் கறுப்பு. தாத்தாவிடமும் அப்பாவிடமும் எவரும் நிறம் கேட்கவில்லை. ஏழு பேர்ச் காணி கைக்கு வந்ததும், மூன்று தலைமுறையாகச் சொல்லாமல் வைத்திருந்த அபிப்பிராயமெல்லாம் ஒரே வாரத்தில் வெளியே வந்துவிட்டது.

கொழும்பில் கடையில் நிற்கும் மகன் போனில் படம் அனுப்பினான். அமெரிக்காவில் வீட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி அடிக்கிறார்களாம். சைடிங் என்று பெயராம். தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடுமாம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இது நம்ம இஸ்தோப்புதானேடா!"

அதுவும் சரிதான். தேயிலை பலகைப் பெட்டியில் கப்பலேறிய காலத்தில், உடைந்த பெட்டியின் பலகையையும் தட்டி விரித்த தார்ப்பீப்பாயையும் இப்படித்தான் மேலுக்கு மேல் அடித்து, லயத்து முன்விறாந்தையான இஸ்தோப்பை மறைத்தோம். பிறகு தேயிலை காகிதச் சாக்குக்கு மாறியது. எங்கள் சைடிங் தொழிலும் படுத்துவிட்டது.

மேசன் பாஸ் எதைக் கேட்டாலும் "செய்யலாம் அண்ணே" என்பவர். கல் பதிக்கலாம், டைல்ஸ் ஒட்டலாம். 2022இல் சீமெந்து மூடை மூவாயிரம் ரூபாயைத் தொட்டதைப் பார்த்தவன் நான்; அவர் "செய்யலாம்" என்றாலே எனக்கு வயிறு கலங்கும். மனைவிக்கு இளம்பச்சை. தம்பிக்கு, துரை பங்களாவின் மஞ்சள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லமாட்டான்.

ஆனால் இரத்தினபுரிப் பக்கம் கடைசி வார்த்தை மழையுடையது. நகரத்தில் வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. தகரத்திலிருந்து விழும் தண்ணீர் செம்மண்ணில் பட்டுத் தெறித்து, சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சிவப்புப் பட்டை போடும். மேலே எந்தக் கலர் அடித்தாலும் கீழே அந்தக் கலர்தான். மலைப்பக்கச் சுவரோ வெயிலையே காணாது. அங்கே விலை கூடிய பெயின்ட் கொப்புளித்து, நகத்தால் கிள்ளினால் அப்பளம் போல் கையோடு வரும். சுண்ணாம்பு காரமுள்ளது, பாசி சட்டென்று பிடிக்காது, சுவரின் ஈரமும் வெளியேறும். தோட்டத் துரைமார் சிக்கனத்துக்குச் செய்த வேலை சரியாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

கடைசியில் ரோட்டுப் பக்கம் இளம்பச்சை, மலைப்பக்கம் சுண்ணாம்பு, அடியில் சுற்றிவர செங்காவி. சேறு தெறித்தாலும் தெரியாது. தம்பி இன்னும் என்னோடு பேசவில்லை.

இந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கலருக்குச் சண்டை பிடிக்கும் முன் கூரையை இரண்டடி வெளியே நீட்டிவிடுங்கள். பெயின்டை ஜனவரி, பெப்ரவரியில் அடியுங்கள், மழை குறைவு.