இரண்டு விடியல், ஒரே பயணம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும், துரைமாருக்குப் பெரிய தலைவலி. லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் விமானம் இறங்கி, எண்ணெய் நிரப்பி, டீயும் குடித்துவிட்டுப் போன இடங்கள் பலவற்றில் எதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மிச்சமிருந்தது இந்தியப் பெருங்கடல். அதில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, இறங்கத்தான் இடமில்லை.

இறங்காமலே போய்விடலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. 1943 நடுவில் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் கம்பெனி, பெர்த் நகரத்து சுவான் ஆற்றிலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்துக் கொக்கல ஏரிக்கு நேர் சர்வீஸ் விட்டது. தூரம் ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். வாகனம் கட்டலினா என்ற கடல்விமானம். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில். அதற்கு மேல் கேட்டால் கோபித்துக்கொள்ளும். இன்றைய ஜெட் ஏழெட்டு மணியில் தாண்டுகிற தூரத்துக்கு இது ஒரு பகலையும் ஒரு இரவையும் விழுங்கிவிட்டு, மேற்கொண்டு சில மணி நேரமும் கேட்டது. அதிகபட்சம் 32 மணி 9 நிமிடம்.

முதலில் பெட்ரோலை ஏற்றினார்கள். பிறகு, போனால் போகிறது என்று மூன்று பேரை ஏற்றினார்கள். கூடவே 69 கிலோ தபால். அந்த மூவரும் பெரும்பாலும் ராணுவத்து, அரசாங்கத்துப் பெரும்புள்ளிகள். தரையில் சல்யூட் வாங்கிய மகான்கள் இங்கே பெட்ரோலின் இடத்தைப் பிடித்துக்கொண்ட வேண்டாத எடை. முழு எண்ணெயோடு இருக்கும்போது ஒரு இன்ஜின் படுத்துவிட்டால், மற்றது ஒண்டியாகத் தாங்காது. இதை அவர்களிடம் விளக்கிச் சொல்லித்தான் ஏற்றினார்களா தெரியவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

துப்பாக்கி கிடையாது. ரேடியோவில் வாயைத் திறக்கக்கூடாது. வழிகாட்டி நட்சத்திரங்கள்தான், இந்த சர்வீஸின் ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே வைத்து ஐஸ் வைத்திருந்தார்கள். ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடக்கும்படி கிளம்பினார்கள். ராகுகாலம், எமகண்டம் பார்க்கிற வீட்டில்கூட இத்தனை கறாராக நேரம் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதித்தது. இன்று அப்படி நடந்தால் நஷ்டஈடு கேட்போம். அன்று பயணிகளுக்கு, 24 மணி நேரத்துக்கு மேல் வானிலேயே இருந்ததற்காக, ‘இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்க’த்தின் உறுப்பினர் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். சங்கம் ரகசியம், சான்றிதழ் கூடத்தில் மாட்ட.

1945 ஜூலைக்குள் 271 முறை கடலைத் தாண்டின அந்த ஆமைவேக வாகனங்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆனால் அவை அமெரிக்கா போர்க்காலத்தில் நேச நாடுகளுக்கு இரவல் கொடுத்த லெண்ட்-லீஸ் கணக்கில் வந்தவை. சண்டை முடிந்தபின் கம்பெனி வைத்துக்கொள்ள முடியாது. எனவே இத்தனை தடவையும் கடலில் விழாமல் தப்பியவற்றை, இழுத்துக்கொண்டுபோய்க் கடலிலேயே மூழ்கடித்தார்கள்.