கதவைத் தட்டிப் பார்க்கிறவர்

புதுக் கார் வாங்கிய வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் விலை கேட்பார்கள், அப்புறம் மைலேஜ் கேட்பார்கள், கிளம்பும்போது "இதே காசுக்கு இன்னொண்ணு பார்த்திருக்கலாமே" என்பார்கள். என் மனைவியின் அண்ணன் இதெல்லாம் செய்யமாட்டார். சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம் காய்வதற்குள் முன்கதவைத் திறந்து, நடுவிரலை மடக்கி, சந்தையில் தேங்காய் பொறுக்குகிறவர் மாதிரி கதவை மூன்று இடத்தில் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு இழவு வீட்டுத் திண்ணையில் உட்காருகிற முகத்தோடு, "தகரம் மாப்ளே. வெறும் தகரம்" என்பார்.

கார்க் கதவைத் தேக்கிலா செய்வார்கள் என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் மச்சானிடம் கேட்காமல் விட்ட கேள்விகளின் கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்து உள்ளே உட்கார்ந்து கம்பெனி செட்டைப் போடுவார். "கம்பெனி செட்டு" என்று அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று நாம் சொல்கிற அதே குரல். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பென் டிரைவ் உண்டு. அதில் முதல் பாட்டு, ஈகிள்ஸ் குழுவினர் 1994-இல் மேடையில் வாசித்த ஹோட்டல் கலிபோர்னியா. கார் செட் விற்கும் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றவர்களுக்கு அது தெரிந்திருக்கும். கிட்டார் பாட்டுக்கு உலாத்திக்கொண்டிருக்க, திடுமென்று அடிவயிற்றில் விழுகிற மாதிரி ஒரு டிரம் சத்தம் வரும். அந்தக் குத்துக்காகத்தான் பாட்டே. நாலு குத்து விழுந்ததும் மச்சான் அடுத்ததற்குத் தாவிவிடுவார். அந்தப் பாட்டில் ஒருவர் வாயைத் திறந்து பாடவும் செய்கிறார் என்பது அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். இளையராஜாவுக்கும் இதே கதிதான். பேஸ் கிட்டார் இறங்கி ஏறுகிற இடம்வரை ஓடும், எஸ்.பி.பி. குரல் எடுத்தால், "சரி, அது இருக்கட்டும்."

இந்த மாதிரி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். பெரும்பாலும் மச்சானாகவோ சித்தப்பாவாகவோ, மறுக்க முடியாத உறவில்தான் இருப்பார். சங்கீதம் பிடிக்கும் ஆள் என்று இவரைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. சங்கீதம் பிடித்தவர்கள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு ரூபாய் மதிப்பில்லாத இயர்போனில் கண்மூடிக் கேட்பவர்கள். இவர் கேட்பது செட்டை. அதிலும் அடுத்தவர் செட்டை.

மச்சானிடம் உள்ள ஒரே கோளாறு, அவர் சொல்வதெல்லாம் சரியாக இருப்பதுதான். கார் கம்பெனிக்காரன் எங்கெங்கோ மிச்சம் பிடிப்பான், முதலில் கைவைப்பது ஸ்பீக்கரில்தான் என்றார். கதவைப் பிரித்துக் காட்டியபோது, காகிதக் கூம்பின் முதுகில் உளுந்துவடை அளவுக்கு ஒரு காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவு ஏன் தகரமாக இருக்கக் கூடாது என்பதற்கும் பாடம் உண்டு. "ஸ்பீக்கரு முன்னாடியும் தள்ளும், பின்னாடியும் தள்ளும் மாப்ளே. கதவு முழுக்க ஓட்டை. பின்னாடி போன சத்தம் சுத்திக்கிட்டு முன்னாடி வந்து, இதை அது முழுங்கிடும். அதான் உனக்கு பேஸு வர்றதில்ல." ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. எனக்கு பேஸ் வராததைப் பற்றி அதுவரை எனக்குக் கவலை இருந்ததில்லை என்பது வேறு.

வரலாறும் அவர்தான் சொல்லுவார், பெரும்பாலும் கிண்டி நெரிசலில். 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்றொருவர் தன் காரில் ரேடியோவை மாட்டிக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலித் தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்குப் போனார். உள்ளே கடை போட இடமில்லை. வாசலில் காரை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டார். அந்த ரேடியோவின் பெயர்தான் மோட்டோரோலா. "வாசல்ல நிறுத்தி அலற விட்டான் பாரு, அவன் நம்மாளு" என்பார் மச்சான், பக்கத்து வண்டிக்காரர் நம்மைத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டுகொள்ளாமல். 1956-இல் கிரைஸ்லர் கார்களில் டாஷ்போர்டுக்கு அடியில் இசைத்தட்டுக் கருவியே வைத்தார்கள். நிமிடத்துக்குப் பதினாறு சுற்றுச் சில்லறை வேகத்தில் ஓடுகிற தனித் தட்டு. நம்மூர்ப் பள்ளத்தில் அந்த முள் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மச்சான் நினைத்தது வேறு: "அதுக்கு ஆம்ப்பு என்ன போட்டிருப்பான்?"

அவருடைய பொற்காலம் ஓட்டைக் காலம். அன்றைய கார்களில் செட் இருக்காது; செட்டுக்கான ஓட்டை இருக்கும், அதை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். 180 மில்லிமீட்டர் நீளம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மன்காரர்கள் வகுத்த டின் அளவு. எந்தக் கம்பெனி செட்டும் எந்தக் காரிலும் போய் உட்காரும். பிறகு முகத்தைக் கழற்றுகிற செட்டுகள் வந்தன. திருடன் கண்ணாடியை உடைத்தாலும் முகமில்லாத செட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்ற கணக்கு. மச்சான் எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு அந்த முகத்தைக் கருப்புப் பெட்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பையன் வீட்டார் நாங்கள் அதை ஏதோ நகைப்பெட்டி என்று நினைத்து, கடைசிவரை எதிர்பார்ப்போடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆக, ஒரு சனிக்கிழமை காலை என் கார் ஜிபி ரோட்டில் நின்றது. அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் திரும்புகிற அந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை, மச்சான் வகையறாவின் காசி என்று சொல்லலாம். தெருவோரமாக நாலு கதவும் திறந்தபடி கார்கள் வரிசையாக நிற்கும். ஒன்றுக்கு சீட் கவர், ஒன்றுக்குக் கண்ணாடி ஃபிலிம், ஒன்றுக்கு ஹாரன். காரின் சொந்தக்காரர் நடைபாதையில் டீ கிளாஸோடு, பிரசவ வார்டு வாசலில் நிற்பவர் மாதிரி நிற்பார்.

"கப்ளர் டு கப்ளர் சார். ஒரு வயரு வெட்டமாட்டோம்" என்றார் கடைக்காரர். சொல்லி முடிக்கும்போதே உள்ளே இருந்த பையன் ஒரு வயரைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தான். இருபது வயதிருக்கும். பிளாஸ்டிக் பட்டை ஒன்றை டாஷ்போர்டின் இடுக்கில் செருகி நெம்பினான். டக்கென்று ஒரு சத்தம். எனக்கு உயிர் போய் வந்தது. நான் தினமும் தூசி துடைத்த முகப்பு கழன்று அவன் மடியில் கிடந்தது. அது இருந்த இடத்தில் குடல் சரிந்த மாதிரி வயர்கள்.

மச்சான் அங்கே வேறு மனிதர். நெற்றியில் செல்போன் விளக்கை வைத்துக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டரில் பெரிய டாக்டர் பேசுகிற சன்னக் குரலில் பேசினார். "மஞ்சள் பேட்டரி. சிவப்பு சாவி. கருப்பு எர்த்து. வெள்ளையும் சாம்பலும் முன்னாடி ஸ்பீக்கரு, பச்சையும் ஊதாவும் பின்னாடி." பையன் "தெரியும் சார்" என்றான். தெரிந்திருக்கும். ஆனால் மச்சானுக்கு இந்த மஞ்சள் சிவப்பு விஷயத்தில் அனுபவம் அதிகம். பழைய காரில் தானே செட் மாட்டியபோது இரண்டையும் பேட்டரி வயரோடு சேர்த்து முறுக்கிவிட்டார். சாவியை எடுத்தாலும் செட் உள்ளூர விழித்தே இருக்கும், விடிவதற்குள் பேட்டரியைக் குடித்துவிடும். அவர் குடியிருப்பில் அந்தக் காரைத் தள்ளாத குடும்பத் தலைவர் கிடையாது.

கண்ணாடி மாதிரி பளபளத்த பெட்டியின் மேல் "50 வாட் × 4" என்று பொறித்திருந்தது. நானும் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் படித்தவன். செட்டின் முதுகில் இருந்த ஃப்யூஸ் 10 ஆம்பியர். ஓடுகிற காரின் மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. பெருக்கினால் 150 வாட்கூடத் தேறவில்லை. இதில் 200 எங்கிருந்து வரும்? மெதுவாகக் கேட்டேன். கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார். "அது மேக்ஸிமம் மாப்ளே. ஆர்எம்எஸ் இருபது, இருபத்திரண்டு வரும். அதனாலதான் தனியா ஒரு ஆம்ப்பு போடச் சொல்றேன்." இப்படியாக, என் இயற்பியல் அறிவின் விலை ஓர் ஆம்ப்ளிஃபயர். அதற்கு வேலை வேண்டுமே என்று டிக்கியில் ஒரு பேஸ் ட்யூப். அது தகரத்தை அதிரவைக்குமே என்று நாலு கதவுக்கும் டேம்பிங் ஷீட், தார்ப்பாய் மாதிரி கனத்த கருப்புப் பட்டை, மேலே வெள்ளிக் காகிதம். உருளையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினான் பையன். மொத்தம் 38,000 ரூபாய். வீட்டில் 22,000 என்று சொன்னேன். மச்சானும் தங்கையிடம் அதையே சொன்னார். ஆயிரம் குறை இருந்தாலும் இந்த இடத்தில் நம்பத்தக்க மனிதர்.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை போட்டேன். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால்தான் திரையில் படம் ஓடும்படி ஒரு வயர் இருக்கிறது. அதை நேராக எர்த்தில் கொடுத்துவிட்டால் ஓட்டும்போதும் படம் ஓடும். "எல்லாரும் அப்படித்தான் சார் கேப்பாங்க" என்றான் பையன். முடியாது என்றேன். அண்ணா மேம்பாலத்தின் மேல் சண்டைக் காட்சி பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவன் நமக்கு முன்னால் போனால் எப்படி இருக்கும்? மச்சான் அரை மணி நேரம் பேசவில்லை.

வேலை முடிந்தபோது நாலு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. "எக்ஸ்ட்ரா சார்" என்று சொல்லி, டம்ளர் வைக்கும் குழியில் போட்டான் பையன்.

சத்தம் பிரமாதமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முதல் மாலை கடற்கரைச் சாலையில் போனபோது, நாற்பது வருடமாகக் கேட்ட பாட்டில் ஒரு தபேலா ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். மற்றவை ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஒரு கொசு பாட ஆரம்பிக்கும். வேகம் ஏற ஏற அதன் சுருதியும் ஏறும். எர்த்து சரியில்லை, ஆல்டர்னேட்டரின் சத்தம் உள்ளே வருகிறது என்றார் மச்சான். சரிதான். ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களுக்குப் புதுச் செட்டைப் பழக்க வேண்டும். மச்சானே பழக்கினார். அதிலிருந்து சத்தத்தைக் கூட்டினால் பாட்டு மாறும், போனை எடுத்தால் ரேடியோ வரும். கடிகாரம் பெய்ஜிங் நேரத்தில் இரண்டரை மணி முன்னால் ஓடியது. "நீ என்னிக்குமே லேட்டு மாப்ளே, இருக்கட்டும்" என்றார். குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது டிக்கியில் பேஸ் ட்யூப் மட்டும் சௌகரியமாகப் பயணம் செய்தது. பொங்கல் பானை என் மனைவியின் மடியில் வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதிரிச் சமயங்களில் அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயம்.

எனக்கு வலித்தது வேறு. காலையில் அலுவலகம் போகையில் 101.4-இல் எஃப்எம் ரெயின்போ கேட்பவன் நான். புதுச் செட்டில் அது அப்பளம் பொரிகிற சத்தத்தோடு வந்தது. ஆன்டெனாவுக்குள் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் உண்டாம், அதற்கு உயிர் கொடுக்கிற நீல வயர் எங்கேயோ விட்டுப்போயிற்றாம். ஒரு வயர்தானே, போட்டுவிடலாமே என்றேன். "எஃப்எம்மு யாரு மாப்ளே கேக்கறா?" என்று கேட்டுவிட்டு, ஈக்வலைஸரில் ஏதோ ஒரு கோட்டை ஒரு நூல் உயர்த்தினார். மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் வந்து உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்தார். அந்த நீல வயர் கடைசிவரை தொங்கிக்கொண்டே இருந்தது.

காரை விற்க முடிவு செய்தபோது அவர்தான் யோசனை சொன்னார். "கம்பெனி செட்டைத் திருப்பி மாட்டிடு. வயரு கைபட்ட வண்டின்னா விலை இறக்குவான்." பரணில் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தேன். அதே பையன், கொஞ்சம் தாடி விட்டிருந்தான், வந்து மாட்டினான். பேஸ் ட்யூபும் புதுச் செட்டும் பரணுக்கு ஏறின. ஓட்டிப் பார்க்கையில் ஸ்டியரிங் பொத்தானை அழுத்தினேன், சத்தம் கூடியது. கொசு இல்லை. மணி சரியாக ஐந்து பத்து. ரெயின்போவில் யாரோ நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. வண்டியை விற்கத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, சட்டைப் பையில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. விலை கேட்கவில்லை. மைலேஜ் கேட்கவில்லை. முன்கதவைத் திறந்தார், நடுவிரலை மடக்கினார், தட்டினார்.

தொப்.

டேம்பிங் ஷீட்டைக் கழற்ற முடியாது என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவர் இன்னும் இரண்டு இடத்தில் தட்டினார். தொப், தொப். வெளிநாட்டு விமான நிலையத்தில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்துவிட்ட முகத்தோடு நிமிர்ந்து, "பியூட்டைலா?" என்றார்.

நாற்காலியில் இருந்த மச்சான் எழுந்து நின்றார். "பியூட்டைல்தான். வெளித்தகடு, உள்தகடு ரெண்டும்."

"அப்படிப் போடுங்க." உள்ளே எட்டிப் பார்த்தவரின் முகம் வாடியது. "செட்டு மட்டும் கம்பெனியா?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். அதற்குள் நான் ஸ்டூலைத் தேட ஆரம்பித்திருந்தேன்.